"ஓம்" என்று மட்டும்

அன்பு மச்சான்,

இன்று காலை எங்கள் கம்பனிக் கந்தோரில் நேர்முகப் பரீட்சை. வெளியே காத்திருந்தவர்களைக் கடந்து உள்ளே போகும்போது ஒருவனின் புதுச் சேர்ட்டிலிருந்து அத்தர் வாசம் குப்பென்று வந்தது. நீ அள்ளிப் பூசுவாயே, அதே மலிவு அத்தர். கதிரையில் போய் இருந்த பிறகும் கொஞ்ச நேரம் பட்டியலில் ஒருவருடைய பெயரையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் அதே இடத்தில் காத்திருந்தவர்கள் நாம் இருவரும். கொழும்புக் கம்பனி ஒன்று கல்முனையில் கிளை திறக்கிறது என்றதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. நீ கேட்டது பெரிய உத்தியோகம் அல்ல, ஊரோடு ஒரு வேலை. உன் வாப்பா மௌத்தாகி, உன் உம்மா கைம்பெண்ணாகி, அவருக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வந்த நேரம். "உன்னக் கட்டாருக்கு அனுப்பாம வெச்சிக்கத்தான் அல்லாஹ் இந்தக் கம்பனியக் கொண்டு வந்திரிக்கான்" என்று அவர் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உன்னிடம் சொன்னார்.

எனக்கு முதல் நீ உள்ளே போனாய். கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாய். கடைசியில் கொழும்பிலிருந்து வந்த மெனேஜர், அரைகுறைத் தமிழில், "முதலாந் திகதி வேலைக்கு வர ஏலுமா?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ் சேர்."

"ஏலுமா, ஏலாதா?"

"இன்ஷா அல்லாஹ்."

மனிதர் பேனையை மூடிவிட்டார். நம்மூரில் 'அல்லாஹ் நாடினால்' என்ற அதைவிட உறுதியான சொல் கிடையாது. அவருக்கு அது 'பார்ப்போம்' என்று கேட்டிருக்கிறது.

வெளியே வந்து என் கொலரைச் சரிசெய்தபடி சொன்னாய்: "மச்சான், ஓம் என்டு மட்டும் சொல்லு. மத்தத மனசுக்குள்ள வெச்சிக்க." அப்படியே சொன்னேன். வேலை கிடைத்தது. உனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீயோ நான் பாஸான கதையை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாய், மடையா.

பிறகு உனக்குக் கட்டார்தான். பயணம் போன அன்று பஸ் நிலையத்தில் உம்மா உன் கையை விடவேயில்லை. "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்திருவாய்தானே மகன்?"

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "ஓம் உம்மா" என்றாய். அவ்வளவுதான். கம்பனிக்காரன் படிப்பித்த பாடம் என்று நானும் சிரித்தேன்.

பெருநாளுக்கு முதலே செய்தி வந்துவிட்டது. வேலைத்தளத்தில் நெஞ்சு வலி என்றார்கள். ஜனாஸாவையும் அங்கேயே அடக்கினார்கள். உன் கபுறடியில் நின்று ஒரு துஆ கேட்கக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து உம்மாவிடம் போகிறேன். கோப்பையைத் தடவித் தடவித் தேத்தண்ணி ஊற்றித் தருவார். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் அதே கேள்வி:

"அவன் எப்பவும் இன்ஷா அல்லாஹ் என்டுதானே சொல்லுற. அண்டைக்கு மட்டும் ஏன் மகன் சொல்லல்ல?"

எனக்குத் தெரியும், மச்சான். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறேன்.