டப்பாவுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று

தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கையை முகர்ந்தேன். எங்கள் மொட்டைமாடியில் நீ புகை கிளப்பிய நாள் ஞாபகம் வந்தது. நம் காற்றுத் துப்பாக்கிகளில் பழசான ஸ்பிரிங் பிஸ்டல் கிறீச்சிடுகிறது என்று இதே எண்ணெயைக் குழலுக்குள் தாராளமாக விட்டிருந்தாய். அடுத்த குண்டு பட்டாசுச் சத்தத்தோடு போனது. பின்னாலேயே நீலப் புகை. அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்று நம் இருவருக்குமே தெரியாது. கீழ்வீட்டு அண்ணாச்சி படியேறி வந்து, "என்னம்மா, சிலிண்டரா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, தையல் மிஷினு" என்றாய், முகம் மாறாமல்.

நீயும் நானும் கல்லூரி என்.சி.சி. கேம்பில் குப்புறப் படுத்துச் சுட்டதோடு விட்டிருந்தோம். நாற்பதைத் தாண்டியபின் நீ கரிவலத்திலிருந்து ஸ்கூட்டரில் வர, மாடிச் சுவரோரம் மணல் மூட்டை அடுக்கி மறுபடி தொடங்கினோம்.

நேற்று உன் மகள் போன் செய்தாள். அவளுக்கும் ஆசை வந்திருக்கிறது. "மூணு பிஸ்டல்ல எது நல்லது, சித்தி?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸ்பிரிங் பிஸ்டல் எதையும் தாங்கும், ஆனால் சுடும்போது குதிக்கும். குறி அட்டையில் குண்டுகள் சிதறும். கேஸ் பிஸ்டலில் கேஸ் குப்பியை ஒருமுறை திருகிவிட்டால் தொடர்ந்து சுடலாம். காலி டப்பாக்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளுவதற்கு அதுதான் சுகம். ஆனால் விரலால் இழுக்கும் விசை கனம், நம் ஊர் வெயிலில் சூடேறினால் குண்டு குறிக்கு மேலே போகும். மூன்றாவதில் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை மடக்கிக் காற்றை அமுக்க வேண்டும். குதிக்காது. பத்து மீட்டரில் குறி வைத்த இடத்தில் போய் நிற்கும்.

"அம்மா எதுல சுடுவா?" என்றாள்.

நெம்புகோல் பிஸ்டலைத் தவிர வேறெதையும் நீ மதித்ததில்லை. நான் கேஸ் பிஸ்டல் வாங்கியபோது, "டப்பா சுடுதவளுக்கு அது போதும்" என்று சிரித்தாய்.

மார்பில் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வந்தபின் உன் வலது கை தோள்வரை வீங்கியிருந்தது. நெம்புகோல் பாதியிலேயே நின்றது. நான் கை நீட்டினேன். நீ பிஸ்டலைத் தள்ளி வைத்தாய்.

"நீ அமுக்கி நான் சுட்டா, பாதி குண்டு உனக்குல்லா?"

அதன்பிறகு வந்தாய், நாற்காலியில் உட்கார்ந்தாய், நான் சுடுவதைப் பார்த்தாய், போனாய். சில நாள் வரவும் இல்லை. நோயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனி உன் கையால் ஒரு குண்டாவது சுடுவாயா என்று தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் கேஸ் பிஸ்டலை உன் முன்னால் வைத்தேன்.

"ஏட்டி, எனக்குப் பாவம் பாக்கியா?"

"குப்பியத் திருகியாச்சு. விட்டா கேஸ் கசிஞ்சு வீணாப் போகும். நீ சுடுதியா, நான் சுடட்டா?"

முறைத்துவிட்டு இடது கையால் எடுத்தாய். முதல் குண்டுகள் அட்டையைத் தொடாமல் மணல் மூட்டைக்குள் போயின. டப்பா வைக்கிறேன் என்றேன், மாட்டேன் என்றாய்.

"வெளாட்டுத் துப்பாக்கிக்கு அட்டை ஒரு கேடா?" என்று சீண்டினேன்.

"வாய மூடிட்டு அட்டைய நேரா ஒட்டு."

வெயில் ஏறுமுன் வரத் தொடங்கினாய். கனமான விசையை மெல்ல மெல்ல இழுக்கப் பழகினாய். துளைகள் நெருங்கி வந்தன. டப்பாவுக்கென்று செய்த பிஸ்டல் அட்டையில் இவ்வளவு நன்றாகச் சுடும் என்று அதை வைத்திருந்த எனக்கே தெரியாது.

நீ கடைசியாக மாடி ஏறிய காலையில், பிஸ்டலை ஏந்தினாய், இறக்கினாய். மறுபடி ஏந்தினாய்; இறக்கினாய். இடது கையும் நிற்கவில்லை.

"சும்மா சுடு. இங்கன யாரு பாக்கா?" என்றேன்.

"நான் பாக்குதேன்லா."

மிச்சக் குண்டுகளை நீயே வெளியே எடுத்தாய். பிஸ்டலை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி கேட்டாய்.

உன் மகளிடம், "மூணுலயும் சுட்டா. கடைசில இடது கையால" என்றேன்.

நீ போனபின்னும் நான் டப்பாதான் சுடுகிறேன். முன்பெல்லாம் கை ஆடினாலும் விசையை இழுத்துவிடுவேன். இப்போது கை நிற்காவிட்டால், உன்னைப் போல இறக்கிவிடுகிறேன். நேற்று மாலை அப்படிப் பலமுறை இறக்கியபின் ஒரே ஒரு குண்டு சுட்டேன். படவில்லை. ஆனால் என் கை எங்கே தவறியது என்று, டப்பா அசையாமல் நின்றபோதே எனக்குத் தெரிந்தது.