மூன்றாம் ஓலை

ஆம்பூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள ஃபீபி,

வாட்ஸப்பில் எழுதினால் பாதியிலேயே கூப்பிடுவாய். போனில் நீ பேசுவது எனக்கு இப்போது சுத்தமாகப் புரிவதில்லை. அதனால்தான் கடிதம்.

ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்பாவுக்குக் காது போனதற்கு டேனரியில் தோல் பதனிடும் டிரம்மின் சத்தம் காரணமில்லை. காக்ளின் என்று ஒரு புரதம். உட்காதின் இழைகளைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் வீட்டில் அது கோணலாக உருவாகி, திட்டுத்திட்டாகப் படிந்து, பக்கத்துச் செல்களைக் கொல்கிறது. ஆட்டுத்தோல் அழுகாமலிருக்க நான் குரோம் போடுகிறேன். இதற்குப் போட ஒன்றும் கிடையாது. அப்பாவிடமிருந்து எனக்கு. இனி பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

சர்ச்சில் நம் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி. அதற்குள் நீயே வேண்டாமென்று சொல்லிவிடு. இல்லையென்றால், ‘ஆட்சேபம் உண்டா’ என்று பாஸ்டர் ஐயா கேட்கும்போது நானே எழுந்து நிற்பேன்.

ஜெஸ்டன்


வேலூர்,
11 ஜூன்

அன்புள்ள ஜெஸ்டனுக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிடுகிறீர்களா?

நான் நர்ஸ். காது மெஷின் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளை அதட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நிச்சயத்தன்று உங்கள் அப்பா என் உதட்டையே பார்த்துவிட்டு, “இன்னாம்மா, எம்புள்ள ரொம்ப பேஜார் பண்றானா?” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று ஒரு வரி எழுதினீர்களா? ரிப்போர்ட் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. நான் எங்கே?

சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். வீட்டுக்கு வாருங்கள். காகிதமும் பேனாவும் மேசைமேல் வைத்திருப்பேன். எழுதியே பேசலாம்.

ஃபீபி


ஆம்பூர்,
15 ஜூன்

ஃபீபி,

நேற்று வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடும்.

இன்று பாஸ்டர் ஐயாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் மறைத்தது. ஃபேன் இரைச்சல் வேறு. ஒரு சொல் பிடிபடவில்லை. நம் ஓலைதான் என்று நினைத்து எழுந்தேன். சபை முழுக்க எழுந்தது. பாட்டு! நானும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். வேறென்ன செய்ய?

மூன்றாவதும் முடிந்துபோயிற்று. இனி என்னால் நிறுத்த முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன், நீ சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே. எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஃபீபி. உனக்கு என்ன தோன்றுகிறது?

ஜெஸ்டன்


வேலூர்,
17 ஜூன்

ஜெஸ்டனுக்கு,

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் நீங்கள் எழுந்ததைப் பார்த்தேன்.

சனிக்கிழமை இருட்டும்வரை காத்திருந்தேன். பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறன்று நம் பெயர்களை யாரும் வாசிக்கவில்லை.

மேசைமேல் வைத்திருந்த காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன். மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவருக்கு எதிரே நின்று, மெதுவாக.

ஃபீபி