பல் பதிந்த பறி

சித்ரபானு வருஷம், புரட்டாசி 9

தட்டியின் கயிற்று முடிச்சுதான் முதலில் கண்ணில் பட்டது.

எங்கள் குப்பத்தில் கதவுத் தட்டியை யார் கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்குதான் போடுவார்கள். ஏரிச் சேற்றில் இறால் தேடித் தேடி ஊறிப்போன விரலுக்கு அதுதான் முடியும். இன்று அங்கே இரண்டு முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கியிருந்தது. நெற்கட்டுக்குப் போடுவார்களே, அதைப்போல. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

ஒல்லாந்தர் கப்பல் ஒன்று முகத்துவாரத்துக்கு வெளியே வந்து நிற்கிறதென்று காலையில் குப்பமே கோட்டைப் பக்கம் போய்விட்டது. நைனா போனார். முனியம்மாள் அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கப்பலை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன்.

உள்ளே அரிசிப் பானை அப்படியே இருந்தது. நைனாவின் துப்பட்டி கொடியில் இருந்தது. விட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

அம்மாவின் பறி இல்லை, அவள் இறால் பிடித்துப் போடும் ஓலைக்கூடை.

புரட்டாசி 10

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

பறிக்குள் இருந்தவை: அம்மாவின் மெட்டி ஒரு ஜோடி. அவள் மரச்சீப்பு, இரண்டு மூன்று முடியோடு. நீலப் படகு வரைந்த பீங்கான் துண்டு – சேற்றில் அம்மா காலில் தட்டுப்பட்டது. பாதிப் படகுதான். மீதிப் பாதியும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது, ஒரு நாள் என் காலில் படும் என்பாள்.

மெட்டிக்காகத்தான் எடுத்திருப்பார்கள். பழைய ஓலைப் பறியை யார் திருடுவார்கள்? ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பறிதான். அதன் கயிற்று நுனியில் ஒரு சிறு பூவரசங்கட்டை. அதைப் பல்லில் கடித்து, பறியை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றில் தேடுவாள் அம்மா. எத்தனையோ வருஷம் கடித்த கட்டை. பல்வரிசை அதில் அச்சாகப் பதிந்திருக்கும். முன்பல் ஒன்று உடைந்துபோன இடத்தில் மட்டும் பள்ளம் இருக்காது. அம்மா போனபிறகு நான் பறியை இறக்கி அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாது.

அத்தை வாசலில் நின்று கத்தினாள்.

“செத்தவ பறிய கருமாதி அன்னிக்கே ஒடச்சி ஏரில வுட்டுருக்கணும். தலபாடா அடிச்சிக்கினேன், அண்ணனும் பொண்ணும் கேட்டீங்களா?”

“வுடு முனிமா. கொயந்த ஆசப்பட்டுது” என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்து, “போனது போச்சிம்மா. நாம நல்லா கீறோம் இல்ல, அது போதும்.”

முடிச்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதை நானே அவிழ்த்துவிட்டேனே, எதைக் காட்டுவது? நின்றுகொண்டே இருந்தேன்.

“இன்னாடி? பேசேன். வாயில பறியா கீது?” என்றாள் அத்தை.

பேசாதவர்களை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். என்னைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

புரட்டாசி 13

தட்டியைக் கட்டிவிட்டு ஏரிக்குப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தேன். கட்டியபடியேதான் இருந்தது. மறுபடி போனேன். மறுபடி வந்தேன்.

புரட்டாசி 17

இன்று தண்ணீரில் இறங்கவில்லை. சாயங்காலம் நைனா சொன்னார்: “தட்டிய காத்துகினு குந்தினா வவுறு ரொம்புமா, ராஜாத்தி?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புரட்டாசி 21

இறால் கொண்டுபோய் உபதேசியார் வீட்டில் கொடுத்தேன். அவர் மனைவி எலிசபெத் அம்மாள் – பள்ளியில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் – மிச்சத் தாள்கள் கொஞ்சம் தந்தார். அம்மா இறந்ததும் பள்ளியை விட்டு ஏரிக்கு வந்துவிட்டேன், ஆனாலும் தாள் தருவதை அவர் நிறுத்தவில்லை. “முகம் ஏன் இப்படி இருக்கிறது?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வரும் வழியெல்லாம் பெண்களின் கால்விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்தக் காலில் அம்மாவின் மெட்டி? ஒருத்தி, “இன்னா, என் கால்ல பாம்பு கீதா?” என்று கேட்டுவிட்டாள். ஓடி வந்துவிட்டேன்.

எல்லாரையும் திருடியாகப் பார்க்கிறேன். இது என்ன புத்தி?

புரட்டாசி 26

அம்மாவின் பல்வரிசையை இந்தத் தாளில் வரைந்து பார்த்தேன். பள்ளம் இல்லாத இடம் இடப்பக்கமா, வலப்பக்கமா?

தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை! தினமும் தொட்டேனே. அவள் சிரிப்பதை நினைத்துப் பார்க்கிறேன் – சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கைதான் ஞாபகம் வருகிறது.

நைனாவைக் கேட்கலாம். அவருக்கும் தெரியவில்லை என்றால்? கேட்கவில்லை.

ஐப்பசி 14

மழை. ஏரி குப்பத்துக்குள் வந்துவிட்டது. பானையெல்லாம் விட்டத்தில். பறி தொங்கிய இடத்தில் அரிசிப் பானை தொங்குகிறது.

கார்த்திகை 5

அத்தை எல்லையம்மன் கோயிலில் காசு வெட்டிப் போட்டுவிட்டாள்.

எனக்காகத்தான். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளுக்கு ஆற்றாமை. ஒரு துட்டை உளி வைத்து இரண்டு துண்டாக வெட்டி அம்மன் காலடியில் போட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கத்தினாள்: “எங்க அண்ணி பறி எவ கையில கீதோ, அந்தக் கை வெளங்காம போவணும்!”

கை விளங்காமல் போனால் எங்கள் ஜனங்களுக்கு ஒன்றுமே இல்லை. கையைத் தவிர எங்களுக்கு என்ன இருக்கிறது, வலையா, படகா? கேட்டு நின்ற பெண்கள் எல்லாரும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே பயமாயிருக்கிறது. ஆனால் இருந்தது.

மார்கழி 6

தண்ணீர் இறங்கிவிட்டது. தீவுப்பக்கம் இறால் இருக்கிறதென்று நானும் அத்தையும் போனோம். வேறு குப்பத்துப் பெண்களும் அங்கே இறங்கியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தள்ளி, இடது கையாலேயே தேடிக்கொண்டிருந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. முழங்கைவரைக்கும் வீக்கம்.

அவள் நிமிர்ந்தாள். மார்பில் தொங்கியது அம்மாவின் பறி. அடியில் ஓலை பிய்ந்த இடத்தில் சிவப்புக் கரைத்துணி வைத்துத் தைத்தது – நான் ஊசி கோத்துக் கொடுக்க, அம்மா தைத்தது.

என் வாயில் என் பறி. அவள் வாயில் அம்மாவின் பறி. ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. நல்லவேளை.

நல்லவேளையா? ஏன் அப்படி நினைத்தேன்?

மார்கழி 7

சொன்னால் அத்தை அவளை மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். சொல்லாவிட்டால் பறி போய்விடும். திருடினவள் அதைக் கடித்துக்கொண்டு எல்லாரும் பார்க்க ஏரியில் இறங்குவாளா? ஏரிக்காரிக்கு நெற்கட்டு முடிச்சு எதற்கு?

அந்தக் கை. கண்ணை மூடினால் அந்தக் கைதான்.

மார்கழி 9

அத்தைக்கு இடுப்பு வலி. தனியாகப் போனேன். அவளும் வந்திருந்தாள். கரையேறி, சேலையை இடுப்பில் வரிந்து கட்டிய கயிற்றை இடது கையால் இழுத்தாள். ஒரே இழுப்பு, அவிழ்ந்தது. எங்கள் சுருக்கு.

கிட்டே போனேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவளே பேசினாள்.

“இன்னா பொண்ணு, அன்னிக்கிலேந்து பாக்கற?”

“பறி… நல்லா கீதுன்னு…”

“இதுவா? ஐப்பசி மழைல என் பறி அடிச்சிகினு போச்சி. அப்பாலே வயல் பக்கமா திருப்பாலைவனம் போற பாதைல, ஈச்சம் பொதர்ல இது மாட்டிகினு கெடந்துது, உள்ள ஒண்ணும் இல்லாம. தண்ணில மெதந்திருந்தா தொடுவனா? செத்தவங்களுக்கு வுட்டதுன்னு கும்புட்டுட்டு போயிருப்பேன். கரைல கெடந்துது. உன்னுதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“கைக்கு இன்னா, அக்கா?”

“கெளுத்தி முள்ளு. எப்பவும் குத்தறதுதான், நாலு நாள்ல எறங்கிடும். இது கார்த்திகைல குத்துச்சி, இன்னும் எறங்க மாட்டேங்குது. வூட்ல மாமியார் வேற, ஒத்தக் கையி ஒத்தக் கையின்னு பாட்டு கட்டறா” என்று சிரித்தாள்.

கார்த்திகையில் என்றாள்.

பெயர் காசியம்மாளாம்.

மார்கழி 10

ஏன் இல்லை என்று தலையாட்டினேன்? என்னுடையது என்று சொல்வதற்கு ஒரு வார்த்தை போதுமே. அம்மா, உன் பறியை என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கெளுத்தி முள்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மார்கழி 12

அத்தைக்கு இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டேன். “அத்தே, வெட்டிப் போட்ட காச திருப்ப முடியுமா?”

“முடியும். பொருளுக்கு ஒடையவ அம்மன் எதிர்ல, நாலு பேரு கேக்க, எனக்குக் கொற இல்லன்னு வாய்வுட்டு சொல்லணும். சொல்லிட்டு முழு துட்டு ஒண்ணு வெக்கணும்.”

“ஒடையவ யாரு?”

“நீதான்டி. உங்கம்மா பறிக்கு நானா ஒடையவ?” திரும்பி என்னைப் பார்த்தாள். “இன்னாத்துக்குக் கேக்கற?”

“சும்மா.”

“நீ வாய்வுட்டு சொல்லிட்டாலும்…” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மார்கழி 13

இன்று ஏரியில் சொல்லிப் பழகலாம் என்று பார்த்தேன். வாயில் பறி. உம் உம் என்று வந்தது.

இன்னொன்று. குறை இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறதே. பொய் சொன்னால் அம்மனுக்குத் தெரியாதா? பொய்யாகப் போய்விட்டால் அந்தக் கை அப்படியே இருந்துவிடுமே. கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் கொடுத்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்.

மார்கழி 16

காசியம்மாளிடம் சொன்னேன். வழியில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. “அது எங்கம்மாவுது. செத்துட்டாங்க. திருட்டுப் போச்சி. நீங்க எடுக்கல, எனக்குத் தெரியும். நீங்களே வெச்சிக்கோங்க” – இவ்வளவும் ஒரே மூச்சில். பாதி அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ.

அவள் பறியைச் சட்டென்று என் கையில் திணித்தாள். “அய்யோ, எடுத்துக்கோ தாயி. உன்னுதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

வேண்டாம் என்றேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில், “வேணாம்னு வாயி சொல்லுது, கண்ணு அந்தக் கட்டை மேலயே கீதே” என்றாள்.

கட்டையில் ஒரு துணி சுற்றியிருந்தது.

“அடுத்தவ பல்லு பட்டது, மனசு வர்ல. துணி சுத்தித்தான் கடிச்சேன்” என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிரித்து, கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். “பறி எனக்கு. இது உனக்கு.”

இடப்பக்கம். பள்ளம் இல்லாத இடம் இடப்பக்கம்தான்.

என் கட்டையைக் கழற்றி அவள் பறியில் கட்டினேன். அவளால் ஒரு கையால் கட்ட முடியவில்லை.

மார்கழி 19, வெள்ளி

போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நைனா ஒரு துட்டைக் கையில் வைத்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. அத்தை சொல்லியிருப்பாளோ?

கோயிலில் பெண்கள் கூட்டம். அத்தை முன்னால் நின்றாள். நான் எதற்கு வந்தேன் என்று பூசாரி கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, “வாயில பறியா கீது?” என்றாள். சிரித்தார்கள்.

“ஏய், சும்மா இருங்கடி” என்றாள் அத்தை. அவள் குரலா அது?

துட்டை வைத்தேன். “எங்கம்மா பறி… அது யார் கையிலயும் திருட்டா இல்ல. நான் குடுத்தது. எனக்குக் கொற இல்ல” என்றேன்.

பூசாரி கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. வெளியே கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றது.

வரும் வழியில் அத்தை, “யாருக்குடி குடுத்த?” என்று கேட்டாள். சொல்லவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

மார்கழி 27

காசியம்மாள் வலது கையைத் தண்ணீரில் விட்டுத் தேடினாள். மெதுவாகத்தான். விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. முள்ளா, காசா என்று நான் யோசிப்பதை விடவில்லை.

மெட்டி கிடைக்கவில்லை. படகுத் துண்டும் கிடைக்கவில்லை.

தை 2

விடிந்ததும் அம்மாவின் கட்டையை என் பறியில் கட்டினேன். அரிசிப் பானையை மூடினேன். தட்டியை ஒரு சுருக்குப் போட்டுக் கட்டினேன். பாதி வழியில் கால் தானாக நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு ஏரிக்கு நடந்தேன்.