போதும் என்று சொன்னது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. அப்படி ஒரு வார்த்தையை வைத்து நீ என்னவெல்லாம் செய்வாய் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நேற்றுத் தெருக்காரர்கள் எல்லோருமாகத் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனோம். நம் தெருவுக்கு வரவிருந்த மேல்நிலைத் தொட்டி ஏன் நின்றுபோனது என்று கேட்கத்தான். அதிகாரி சுவரைக் காட்டினார். ஆளுயரப் படம். வாளியோடு படியேறிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன் நான். 'குறைந்த தண்ணீர், நிறைந்த வாழ்க்கை' என்று போட்டு, கீழே தண்ணீர் போதும் என்று நான் சொன்னதாகவும் எழுதி, நீ வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தின் பெயர். இந்தம்மாவே போதும்னு சொல்லிட்டாங்களே, தொட்டி வேற தெருவுக்குப் போயிடுச்சு என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்க தம்பி பெரிய இடத்துல இருக்கார்னு பீத்திக்கிட்டீங்களே, இதுக்குத்தானா என்று தையல்காரர் மனைவி கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடேய், இங்கே வந்திருந்தபோது தண்ணி போதுமாக்கா என்று நீ கேட்டாய். போதும்டா என்றேன். பல வருடம் கழித்து வந்த தம்பியிடம் வந்ததும் வராததுமாக மூக்கைச் சிந்தவா முடியும்? அன்று நீ தலைக்குக் குளித்தாயே, அது எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர். உன் அத்தான் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்தச் சிரிப்பும் உனக்காகச் சிரித்தது. சின்ன வயதில் கூப்பிடுவது போல, ஏய் வாத்து, பாத்து ஏறு என்றாய். சிரித்துவிட்டேன். அதைப் படம் பிடித்து விற்றுவிட்டாய்.

சிக்கனம் எனக்குத் தெரியாதா? காய் கழுவிய தண்ணீரில்தான் தரை துடைக்கிறேன். உன் வீட்டில்தான் நீ சவரம் செய்து முடிக்கும்வரை குழாய் திறந்தே கிடக்கும். குறைவில் அவ்வளவு நிறைவு இருந்தால் அதை முதலில் மூடியிருக்கலாமே!

அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேன். படுக்கையிலேயே கிடக்கிறாள். விரிப்பு நனைந்தால், மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வரும்வரை அலச வழியில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு இப்போது தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறாள். அவங்கிட்ட சொல்லிடாதடி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

எங்க அக்கா சொன்னது பொய் என்று அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கொடு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொன்னாள். வறண்ட நாக்கோடு சொன்னாள்.

உன் அக்கா