சாவு வீட்டு வாசனை

வியாழன், இரவு.

ஜெயித்துவிட்டேன். எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும்.

போன வாரம் நானே கலந்த வாசனை எண்ணெயை இவருடைய அக்காவிடம் ஆசையாக நீட்டினேன். ரோஜாவும் சந்தனமும். மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னடி சுதா, சாவு வீட்டு வாசனை அடிக்குது!" இவரும் கூடவே சிரித்தார். அக்கா சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாலையும் ஊதுவத்தியும் சேர்ந்த அதே வாசனை.

ரோஜாவைத் தூக்கிப் போட்டேன். வெட்டிவேர் எண்ணெயோடு ஆரஞ்சு எண்ணெய், கொஞ்சம் லெமன்கிராஸ். மாற்றி மாற்றிக் கலந்ததில் எனக்கே தலை சுற்றியது.

இன்று சாயந்திரம் தேனாம்பேட்டை டிராஃபிக்கில் மாட்டி, தலைவலியோடு வந்து சேர்ந்தார் அக்கா. ஹாலில் அந்த எண்ணெயை ஆவியாகப் பரப்பும் டிஃப்யூசர் ஓடுவதை நான் சொல்லவில்லை. காபி கொண்டு வருவதற்குள் சோபாவிலேயே தூங்கிப்போனார். தன் கட்டிலைத் தவிர வேறெங்கும் கண்ணயராத மனுஷி!

எழுந்ததும் மூச்சை இழுத்து விட்டார். "என்னடி இது, இவ்ளோ நல்லா இருக்கு! எந்தக் கடைல வாங்குன?"

"சாவு வீட்லதான்க்கா."

இவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அக்கா என்னை முறைத்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். கிளம்பும்போது பாட்டிலைக் கேட்கக்கூட இல்லை, தானே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "தீந்தா சொல்றேன், இதே மாதிரி போட்டுக் குடு."

எதில் எத்தனை சொட்டு விட்டேன் என்று நினைவில்லை. எல்லாம் கோபத்தில் கலந்தது. இதே வாசனை திரும்ப வர வேண்டுமென்றால் அக்கா திரும்ப ஏதாவது சொல்ல வேண்டும்.