ஊர் அறிந்த குரல்

மாதா துணை

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
10.02.2008

அன்புத் தம்பி ஞானேந்திரனுக்கு,

அக்கா அக்னெஸ் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் சடங்குக்குக் கேட்பேன். இந்த முறை, பதில் தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் கேட்கிறேன்.

இதை நான் தபாலில் போடவில்லை. நம் ஊர் உருத்திரமூர்த்தி அண்ணன் தன் தாயின் முப்பத்தோராம் நாளுக்காகச் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார். கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மனைவி கிளி பக்கத்தில் இருக்கட்டும். நம் சின்னத் தம்பி சஞ்சீவனுக்கும் வாசித்துக் காட்டு, அவனுக்கும் இதில் சங்கதி இருக்கிறது. வாசித்து முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடு. பொதியில் கிளிக்கு ஒரு கைப்பை, சஞ்சீவனுக்குக் காலுக்குச் சப்பாத்து. நீ கேட்ட கம்பியில்லாத மைக்கையும் தைப்பொங்கலுக்கு முன்பே வாங்கிவிட்டேன். ஆனால் அதை அனுப்பவில்லை. உடனே மூஞ்சியைத் தூக்காதே, முழுவதையும் வாசி.

இங்கே இந்த வருடம் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அத்தான் துறைமுகத்தில் குளிருக்குள் நின்று முதுகு வலியோடு வருகிறார். நான் வழக்கம்போல ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்தான். சனிக்கிழமை காலைகளில் மட்டும் பழையபடி ரீச்சர் ஆகிவிடுகிறேன். பிரெஞ்சு படிக்க அரசாங்கமே வகுப்பு வைக்கிறது, ஆங்கிலம் வேண்டுமென்றால் நாமே வழி தேட வேண்டும். அதனால் கோயிலின் கீழ்த்தளத்தில், ஸ்பானிஷ் பேசுகிற ஒன்பது பேருக்கு நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எல்லோரும் தங்கள் நாட்டில் மெத்தப் படித்தவர்கள். ஒருத்தி பெருவில் பல் வைத்தியராம், இங்கே ஹோட்டல் அறைகளைக் கூட்டுகிறாள். அவர்களுக்கு ஆனா ஆவன்னா தேவையில்லை. வேலைக்கு நேர்முகம் போனால் திக்காமல் பேச வேண்டும், அவ்வளவுதான்.

தை மாதம் புத்தகத்தில் வந்த பாடம் புகழைப் பற்றியது. மேடை வெளிச்சத்துக்கு ஒரு சொல், வீட்டுக்கு வீடு தெரிந்த ஆளுக்கு ஒரு சொல், ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்து இப்போது கவனிப்பாரில்லாமல் போனவனுக்கு ஒரு சொல் என்று இரண்டு பக்கம் நிறையச் சொற்கள். கெட்ட பெயர் எடுத்தவனை ஆங்கிலத்தில் நொட்டோரியஸ் என்போம் அல்லவா? அதே சாயலில் ஸ்பானிஷிலும் ஒரு சொல் உண்டாம், அதற்குச் சும்மா எல்லோருக்கும் தெரிந்தது என்றுதான் கருத்தாம். பல் வைத்தியர் தன் ஊர்ப் பங்குச் சுவாமியை நொட்டோரியஸ் என்று எழுதிவிட்டாள். நான் விளக்கம் சொன்னதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் உதாரணத்துக்குப் பந்து விளையாடுகிறவர்களையும் பாடகிகளையும் சொன்னார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? என் தம்பியும் செலிப்ரிட்டிதான் என்று பெருமையடித்தேன். திருநாளென்றாலும் பந்துப் போட்டியென்றாலும் மட்டக்களப்பில் அவன் மைக் பிடிக்காமல் ஒன்றும் நடக்காது என்றேன். அடுத்த சனிக்கிழமை, நீ அனுப்பிய கசற்றைக் கொண்டுபோய் மாதா கோயில் கொடியேற்ற அறிவிப்பைப் போட்டும் காட்டினேன். ஒரு சொல்லும் விளங்காமலே எட்டுப் பேரும் கைதட்டினார்கள். அவ்வளவு கம்பீரமான குரல், ஞானம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

கைதட்டாத ஒன்பதாவது ஆள் எர்னான். கொலம்பியாக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். வகுப்பில் எப்போதும் தொண்டை கட்டியவர் போல மெதுவாகத்தான் பேசுவார். சத்தமாகப் பேசுங்கள், நேர்முகத்தில் இப்படிக் குசுகுசுத்தால் ஒருவரும் வேலை தர மாட்டார்கள் என்று எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கிட்ட வந்தார். உங்கள் தம்பியைத் தேடி யாராவது வீட்டுக்கு வந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லையே, ஏன் வரவேண்டும் என்று நான் சிரித்தேன். இனி வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன மனிதரப்பா, ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா என்று எனக்குச் சரியான எரிச்சல்.

பத்து நாள் கழித்து நீ போன் எடுத்தாய். “பெரிய பெரிய ஆக்களே வீடு தேடி வாறாங்க அக்கா, கிளிர கையால தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாங்க” என்றாய். தேர்தல் கூட்டங்களுக்கு உன் குரல்தான் வேண்டுமாம். தெருத் தெருவாக வாகனத்தில் போய் நீதான் சனத்தைக் கூப்பிட வேண்டுமாம். முதல் கூட்டம் மாசி இருபதாம் திகதியாம், இன்னும் பத்தே நாள். உனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் நல்லது நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். யார் ஒட்டுக் கேட்கிறார்களோ, போனில் வேறு என்னத்தைச் சொல்ல முடியும்? அவர்கள் இடுப்பில் என்ன வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

நேற்று வகுப்பு முடிந்ததும் எர்னானோடு பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தேன். அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். பஸ் இரண்டு போகும்வரைக்கும் அந்தக் குளிரில் நின்று சொன்னார்.

அவர் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்னப் பட்டினத்துக்காரர். உள்ளூர் வானொலியில் பந்துப் போட்டி வர்ணனை செய்தவர். சந்தையில் தக்காளி விலை கேட்டாலே குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, காசு வாங்காமல் கொடுப்பார்களாம். ஒருநாள் துவக்குக்காரர்கள் வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்து, குரலைப் புகழ்ந்து, ஒரு கூட்டத்துக்குச் சனத்தைக் கூப்பிட்டுப் பத்து வரி வாசிக்கச் சொன்னார்கள். எழுதியது அவர்கள், நான் வாசிக்கத்தானே போகிறேன் என்று வாசித்தாராம். அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு மற்றப் பக்கத்துத் துவக்குக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே நின்று யாரென்று கேட்டது எர்னான் இல்லை, அவருடைய தம்பி. இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே குரல். வெளியே நின்றவர்கள் முகத்தைப் பார்க்கவேயில்லையாம், கதவுக்கு ஊடாகவே சுட்டுவிட்டார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது, தம்பியின் பெயரை மட்டும் தன்னை மறந்து உரத்துச் சொல்லிவிட்டார். என்ன குரல் தெரியுமா, அந்தத் தெருவே நிறைந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டென்று சால்வையால் வாயை மூடிக்கொண்டார். ஏழு வருடமாக இங்கே இருக்கிறார், இன்னும் பயம் போகவில்லை. இந்த மனிதரையா சத்தமாகப் பேசச் சொல்லி ஏசினேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞானம், போனில் ஹலோ சொல்வது நீயா சஞ்சீவனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை. உன் கதவைத் தட்டினால் முதலில் குரல் கொடுக்கிறவனும் அவன்தான்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். இருபதாம் திகதிக்கு முன்பு உனக்குத் தொண்டை கெட்டுப்போக வேண்டும். கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து இருமத் தொடங்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போகாதே, அங்கே கூட்டுகிற ஆளுக்கும் உன்னைத் தெரியும். கொழும்புக்குப் போ. என்னோடு படிப்பித்த மேனுகாவின் முகவரியை உருத்திரமூர்த்தி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், உனக்குத் தொண்டை சரியில்லை, வருவாய் என்று மட்டும் அவளிடம் போனில் சொல்லியாயிற்று. தொண்டை வைத்தியர் ஒருவரிடம் அவள் கூட்டிப்போவாள். இருபது வருடம் கத்திய தொண்டையில் என்னவாவது இருக்கத்தான் செய்யும், பொய்யே சொல்லத் தேவைப்படாது. சஞ்சீவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போ. நோயாளிக்குத் துணை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கிளி தாய் வீட்டில் இருக்கட்டும். ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதாக ஊரில் பரவட்டும்.

எர்னானுக்கும் இந்த யோசனை அப்போதே வந்ததாம். சுகமில்லாதவனை யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் செய்யவில்லையாம். என் குரல் போய்விட்டது என்று ஊர் கதைப்பதைத் தாங்க முடியாமல்தான் வாசித்தேன் என்றார். என் தம்பி அந்தக் கர்வத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தான் என்றார்.

உன் கர்வமும் எனக்குத் தெரியாததா? திருநாளுக்கு வேறு யாரோ மைக் பிடிப்பான். ஞானத்தின் கதை முடிந்ததாம் என்று பெட்டிக்கடையில் நின்று பேசுவார்கள். பாவம் என்று சிலர் உச்சுக்கொட்டுவார்கள். அது உனக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன். உன்னை இவ்வளவு தூரம் ஏற்றிவிட்டதில் எனக்கும் பங்குண்டு. உன் படம் போட்ட திருநாள் நோட்டீசைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தவள் நான்தானே.

கொழும்பு போய்ச் சேர்ந்ததும் மேனுகா வீட்டுப் போனிலிருந்து ஒரு அழைப்பு எடு. இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிடு, நீ பத்திரமாக வந்துவிட்டாய் என்று விளங்கிக்கொள்வேன். நான் எடுத்துவிட்டாலும் பேசாதே. உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு நானே உன்னைப் பேசவைத்துவிடுவேன்.

உன் பிறந்தநாள் கடிதங்களில் எல்லாம், பேரும் புகழும் பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்தி எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் பூசைக்குப் போய், இத்தனை வருடமாகக் கேட்டதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடு தாயே என்று மாதாவிடம் அழுதேன். பேர் வேண்டாம், தம்பி. புகழ் வேண்டாம். ஒருவருக்கும் தெரியாத மனிதனாக இருந்து, பல் விழுந்து, நரைத்து, கிழவனாகு.

உன் அக்கா,
அக்னெஸ்