இரண்டு விரல் உயரம்

அம்மாவுக்கு உன் மகளோட வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?

எழுபது வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய வடிவமைப்பாளர் வரைஞ்ச நாற்காலியைத்தான் எங்க பட்டறையில அச்சு மாறாம செய்யறோம். நேத்து படத்தைப் பார்க்காம, கைப்போக்குல நாற்காலிக் காலை அறுத்தேன். இரண்டு விரல் உயரம் கூடிடுச்சு. நீ கை ஊன்றாம எழுந்திருக்கிற உயரம்!

"காலைக் குறைச்சுடு"ன்னார் முதலாளி.

"மாட்டேன். இது எங்கம்மாவுக்கு. படத்துல உள்ளபடி வேற செஞ்சு தர்றேன்"னேன்.

வேலை போகலை, பயப்படாதே. படம் வரைஞ்ச அந்தப் பெரிய மனுஷர் உன் முழங்காலைப் பார்த்தாரா என்ன?

தரையிலேர்ந்து முழங்கால் வரைக்கும் ஒரு நூலால அளந்து, அந்த நூலையே அனுப்பு. நீ குனியாதே, அப்பா அளக்கட்டும். உன்னைப் பார்த்து மூணு வருஷமாச்சு, கைக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு பார்க்கணும்.

மெஷின் போட்டுட்டாங்க, ஓடறேன். நூல் வர்ற வரைக்கும் உன் நாற்காலியில யாரையும் உட்கார விடமாட்டேன்.